தந்தியில் நான் எழுதிய நேரம்

எண்பதுகளின் நடுவில் நாங்கள் திருமுல்லைவாயிலில் குடியிருந்தோம். ஒரே காம்பவுண்டுக்குள் நாலு வீடு, அதில் கடைசி வீடு எங்களுடையது. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் டூல் ரூமில் லேத் ஓட்டும் டர்னர். என் மனைவி பக்கத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் நர்ஸ். ஒரே மகள், அப்போது ஆறு வயது. ஞாயிறு ஆராதனை, வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் ஜெபக் கூட்டம். இதைத் தவிர எங்களைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லாமல்தான் இருந்தது.

ஒரு மத்தியானம் அந்த நர்சிங் ஹோம் வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றது. ஒரு பையனைத் தூக்கிவந்து இறக்கினார்கள். இருபத்திரண்டு வயது இருக்கும். எஸ்டேட்டில் லாரிக்கு லோடு ஏற்றி இறக்குகிறவன். செம்புக் கம்பி காணாமல் போனது என்று மூன்று நாளுக்கு முன்பு அவனைப் பிடித்துப் போயிருந்தார்கள். மாடிப்படியில் விழுந்துவிட்டான் என்றார் கூட வந்த ஏட்டு. அந்தக் காவல் நிலையம் எது என்று இங்கே எழுதப்போவதில்லை. அதற்கு மாடி கிடையாது என்பதை மட்டும் சொல்லலாம்.

காயங்களைத் துடைத்தது என் மனைவி. இரண்டு உள்ளங்கால்களும் வீங்கிக் கறுத்திருந்தன. முதுகில் கோடு கோடாகத் தடிப்பு. விழுந்தவனுக்கு உள்ளங்காலில் எப்படி அடிபடும் என்று அவள் ஏட்டிடம் கேட்டிருக்கிறாள். அவர் வெளியே போய் பீடி பற்ற வைத்துக்கொண்டார். பார்த்ததைக் கேஸ் ஷீட்டில் எழுதினாள். டாக்டர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது.

மறுநாள் கேஸ் ஷீட்டில் அந்தப் பக்கம் இல்லை. அவள் வீட்டுக்கு வந்து, மகளுடைய நோட்டிலிருந்து இரண்டு தாளைக் கிழித்து, பார்த்தது அத்தனையும் நேரத்தோடு எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்தப் பையனின் அம்மா கட்டட வேலைக்குப் போகிறவர். அவரைத் தேடிப் போய்க் கொடுத்துவிட்டும் வந்தாள். அதை வைத்துத்தான் ஹைகோர்ட் வக்கீல் ஒருவர் வழக்குப் போட்டார். எனக்கு அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஜெபக் கூட்டத்தில் சாட்சியாகக்கூடச் சொன்னேன்.

அந்த மாதமே அவளுக்கு வேலை போயிற்று. வீடுவீடாகப் போய் ஊசி போட்டாள், பிரசவித்தவர்களைப் பார்த்துக்கொண்டாள். அதோடு இன்னொரு வேலையும் தானாக வந்து சேர்ந்தது. யார் வீட்டிலாவது ஆளைப் பிடித்துப் போய்விட்டால், கோயில் தெருப் பின்னால் ஒரு நர்ஸம்மா இருக்கிறாள், அவளிடம் போ என்று சொல்ல ஆரம்பித்தார்கள். ஆவடியிலிருந்தும் வந்தார்கள், ஐயப்பன்தாங்கலிலிருந்தும் வந்தார்கள். அவள் சேலையை மாற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கூடப் போவாள்.

அங்கே போய் என்னதான் செய்வாய் என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஒண்ணும் செய்ய மாட்டேன். பெஞ்சுல போய் உக்காருவேன். வெளிய ஒருத்தி உக்காந்து பாத்துக்கிட்டிருக்கான்னா கை ஓங்க ஒரு நிமிஷம் யோசிப்பாங்க இல்ல, அதுக்குத்தான்" என்றாள்.

அந்த ஒரு நிமிஷத்துக்கு எங்களிடம் வட்டி வாங்காமல் விடவில்லை. முதலில் பெயர் போடாத இன்லண்ட் லெட்டர்கள் வந்தன. அவளைப் பற்றி அசிங்க அசிங்கமாக எழுதி, என் கம்பெனி விலாசத்துக்கு. பிறகு மகள் படிக்கிற பள்ளிக்கு. எதிர்ச்சாரியில் டி.வி.எஸ். வண்டியை நிறுத்திக்கொண்டு ஒரு ஆள் காலையிலிருந்து நிற்பான். எதுவும் பேச மாட்டான். அவள் கிளம்பினால் பின்னாலேயே வருவான். வீட்டுக்காரர் வந்து, தன் மகனுக்குக் கல்யாணம் ஆகப்போகிறது, வீடு வேண்டும் என்றார். அந்த மகன் எட்டாவது படித்துக்கொண்டிருந்தான். நாங்கள் காலி செய்யவில்லை. வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். கடைசியில் நாங்கள் மூன்று பேரும், அடுத்த வீட்டில் தையல் மெஷின் வைத்திருந்த அம்மாவும் மட்டும் உட்கார்ந்து பாடினோம். அந்த அம்மா கத்தோலிக்கர், கணவர் இல்லை. எங்கள் பாட்டு அவருக்குத் தெரியாது. ஆனாலும் வந்து உட்காருவார்.

இதையெல்லாம் கேட்டபின் வக்கீல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். இனி அவளையே பிடிக்கப் பார்ப்பார்கள் என்றார். பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று என்னை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். அவரே ஒரு தாளில் ஆங்கிலத்தில் தந்தி வாசகம் எழுதினார். என் மனைவியை இத்தனை மணிக்கு இந்த இடத்தில் போலீஸ் கொண்டுபோயிருக்கிறது, அவள் உயிருக்கு ஆபத்து, தலையிட வேண்டும். மணிக்கும் இடத்துக்கும் மட்டும் கோடு போட்டு விட்டிருந்தார். கீழே ஐந்து விலாசங்கள், தலைமை நீதிபதியிலிருந்து கலெக்டர் வரைக்கும்.

"தகவல் வந்த அடுத்த நிமிஷம் நீங்க தந்தி ஆபீஸ்ல நிக்கணும் சார்" என்றார். "ஆளைப் பிடிச்சிட்டுப் போய் நாங்க பிடிக்கவே இல்லைம்பாங்க. இல்லன்னா சாயங்காலந்தான் பிடிச்சோம்பாங்க. தந்தியில நேரம் விழுந்திடுச்சுன்னா அவங்களால அதை மாத்த முடியாது. அந்த நேரம்தான் நமக்கு சாட்சி."

நான் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து சட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றி வைப்பேன். ரயிலடியில் சவாரிக்கு நிற்கும் ஒரு ரிக்‌ஷாக்காரரிடம், ஏதாவது நடந்தால் என் கம்பெனி கேட்டில் வந்து சொல்லும்படி அவள் சொல்லி வைத்திருந்தாள். அவருடைய தம்பியை ஒரு தடவை அவள்தான் போய் அழைத்து வந்திருந்தாள்.

அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து நாள் இருக்கும். கம்பெனியில் பர்சனல் ஆபீசர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவர் மேஜையில் அந்த இன்லண்ட் லெட்டர்கள் அடுக்கியிருந்தன. ஸ்டேஷனிலிருந்து இரண்டு தடவை ஆள் வந்து விசாரித்துவிட்டுப் போனதாகச் சொன்னார். கத்திப் பேசவில்லை. டீகூட வரவழைத்தார். என் மனைவியின் காரியங்களுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை, அதற்காக வேலை நேரத்தில் வெளியே போக மாட்டேன் என்று ஒரு கடிதம் தயாராக டைப் அடித்து வைத்திருந்தார். கையெழுத்துப் போட்டால் இதோடு முடிந்தது, இல்லாவிட்டால் தன் கையில் எதுவும் இல்லை என்றார். எஸ்டேட்டில் அப்போது பல கம்பெனிகளில் ஆள் குறைப்பு நடந்துகொண்டிருந்தது. நான் போட்டுவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை.

அந்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. பதினொன்றே முக்கால் இருக்கும். ஃபோர்மேன் என் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து, கேட்டில் யாரோ உன்னைத் தேடுகிறார்கள், சீக்கிரம் வா என்றார். போனேன். கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் ரிக்‌ஷாக்காரர் நின்றிருந்தார். ரயிலடியிலிருந்து வெயிலில் மிதித்து வந்ததில் மூச்சு வாங்கியது.

"அண்ணாத்தே, உன் ஊட்டுக்காரம்மாவ ஜீப்புல ஏத்திகினு பூட்டாங்க. பஸ் ஸ்டாண்டாண்ட, பதினொண்ணேகால் இருக்கும். என் கண்ணால பாத்தேன். கைய புட்ச்சு இஸ்தாங்க. நீ இன்னா பண்ணணுமோ சட்டுனு பண்ணு."

நான் சரி என்றேன். அவர் ரிக்‌ஷாவில் ஏறிக்கொள்ளச் சொன்னார். வந்துவிடுகிறேன், நீங்கள் போங்கள் என்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினார். டைம் ஆபீஸ் ஜன்னல் வழியாகக் கிளார்க் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே போக வேண்டுமென்றால் அவரிடம் கேட் பாஸ் எழுதி வாங்க வேண்டும். காரணம் எழுத வேண்டும். ஃபோர்மேன் என் பின்னால் நின்று, என்னப்பா, போகணுமா என்று கேட்டார். நல்ல மனிதர். போகணும் என்று சொல்லியிருந்தால் தடுத்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

ஒன்றுமில்லை சார் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

அதற்குப் பிறகு என்ன நினைத்தேன் என்று பலமுறை நினைவுபடுத்திப் பார்த்திருக்கிறேன். பொதுவாக இரண்டு மணி நேரம் உட்கார வைத்து அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். இப்போது போனால் வேலை போகும், பிறகு மகளை என்ன செய்வது என்று நினைத்தேன். தந்தி கொடுத்தால் அவர்களுக்குக் கோபம் அதிகமாகுமே என்றுகூட நினைத்தேன். ஒவ்வொன்றும் அந்த நேரத்துக்கு நியாயமாகவே இருந்தது. அன்று நான் கடைந்தது மெஷின் அச்சுக்கு மாட்டுகிற பித்தளை புஷ். ஒன்றுகூட ரிஜெக்ட் ஆகவில்லை.

நாலரைக்குச் சங்கு ஊதியதும் கார்டு பஞ்ச் பண்ணிவிட்டு ஓடினேன். அம்பத்தூர் தந்தி ஆபீசில் ஐந்து ஃபாரம் வாங்கி, பையிலிருந்த தாளைப் பார்த்து எழுதினேன். நேரம் எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றது. பதினொண்ணேகால் என்று எழுதினால், அத்தனை நேரம் நீ என்ன செய்தாய் என்று எல்லோரும் கேட்பார்களே. வக்கீல் கேட்பார். அவள் கேட்பாள். மாலை நாலரை மணி என்று எழுதினேன். ஐந்திலும் அப்படியே எழுதினேன். அவளை வெளியே கொண்டுவருவதுதான் முக்கியம், நேரத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தந்திக்குப் பலன் இருந்தது. ஆறரை மணிக்கு ஸ்டேஷனுக்கு மேலிடத்திலிருந்து போன் வந்ததாம். ஏழு மணிக்கு முன்பே அவளை விட்டுவிட்டார்கள். நான் வாசலில்தான் நின்றிருந்தேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் பேசப் பேச வேறு பக்கம் பார்த்தாள். பிறகுதான் தெரிந்தது, சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அவளுக்குப் புரியவில்லை. இடது காதிலிருந்து கழுத்துவரை ரத்தம் காய்ந்திருந்தது.

அவளும் நானும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். எட்டு மணி வாக்கில் டாக்டர் பார்த்தார். காது ஜவ்வு கிழிந்திருக்கிறது, தோளில் ரத்தக்கட்டு, காயங்கள் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனவை என்று எழுதிக்கொடுத்தார்.

நடந்ததை அவள் மறுநாள் சொன்னாள். போனவுடன் ஒன்றும் செய்யவில்லையாம். உள்ளே உட்கார வைத்திருந்தார்கள். அந்தப் பையனைப் பற்றி எழுதிக்கொடுத்தது பொய் என்று ஒரு பேப்பரில் கையெழுத்துக் கேட்டார்கள். அவள் மாட்டேன் என்றாள். பன்னிரண்டரை, ஒன்று ஆனது. வெளியே யாரும் வரவில்லை, போன் வரவில்லை. அதிகாரி ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, ஊருக்கெல்லாம் நீ வந்து உக்கார்ற, உன்னைத் தேடி உன் புருஷன்கூட வரலையே" என்றாராம். அதற்குப் பிறகுதான் கதவைச் சாத்தினார்கள். இரண்டு பேர் கையைப் பின்னால் பிடித்துக்கொள்ள, ஒருவர் காதோடு சேர்த்து அறைந்திருக்கிறார். எத்தனை என்று அவளுக்குத் தெரியவில்லை. கையெழுத்துப் போடவில்லை.

சொல்லி முடித்துவிட்டுக் கேட்டாள். "உங்களுக்கு எத்தனை மணிக்குங்க தெரிஞ்சுது?"

"நாலரைக்கு. வெளிய வந்தப்பதான் சொன்னாரு" என்றேன்.

பாவம், ரொம்ப நேரம் காத்திருந்திருப்பார் என்று ரிக்‌ஷாக்காரருக்காக வருத்தப்பட்டாள்.

வக்கீல் விடவில்லை. இரண்டு மாதம் கழித்துப் பூந்தமல்லியில் ஒரு அரசு அலுவலகத்தில் விசாரணை வைத்தார்கள். விசாரணை அதிகாரி வயதானவர், பொறுமையாகக் கேட்டார். பதினொண்ணேகாலுக்குப் பிடித்தார்கள் என்று என் மனைவி சொன்னாள். போலீஸ் தரப்பில் டைரியைக் காட்டினார்கள். மாலை நாலரைக்கு விசாரணைக்கு வரச்சொன்னோம், வந்தார், கேட்டுவிட்டு அனுப்பிவிட்டோம், எங்கள் விரல்கூடப் படவில்லை என்றார்கள். என் தந்தியின் நகலைப் பார்த்து எழுதிய டைரி அது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அடுத்து அந்தத் தந்தியையே எடுத்து நீட்டினார்கள்.

அதிகாரி இரண்டு தடவை படித்தார். அம்மா, உங்கள் கணவரே நாலரை மணி என்றுதானே எழுதியிருக்கிறார் என்றார். டாக்டர் சர்ட்டிபிகேட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். எட்டு மணிக்குப் பார்த்த டாக்டர் காயம் ஆறு மணி நேரத்துக்கு முந்தையது என்கிறார். அப்படியானால் ஸ்டேஷனுக்கு வருவதற்கு முன்னாலேயே அடிபட்டிருக்கிறது. வீட்டில் ஏதாவது தகராறா என்று கேட்டார். அறையில் இருந்த போலீஸ்காரர்கள் என்னைப் பார்த்தார்கள்.

வக்கீல் ரிக்‌ஷாக்காரரைக் கூப்பிட்டார். அவர் ஒளிக்காமல் சொன்னார். "பன்னண்டு மணிக்குள்ள கேட்டாண்ட போய் இவுருகிட்ட சொல்லிட்டேன் சார். வந்துட்றேன்னாரு. இவுரையே கேளுங்க, எதிர்லதான கீறாரு."

என் மனைவி அவர் பேசும்போது வலது காதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள்.

அதிகாரி என்னைக் கேட்டார். நான் எழுந்து நின்று உண்மையைச் சொன்னேன். பதினொன்றே முக்காலுக்கே தெரியும், பயந்துவிட்டேன், தந்தியில் நேரத்தை மாற்றி எழுதியது நான்தான் என்றேன். நான் முடிப்பதற்குள், கம்பெனியில் நான் கையெழுத்துப் போட்ட கடிதத்தையும் போலீஸ் தரப்பில் எடுத்துக்கொடுத்தார்கள். அதிகாரி அதையும் படித்தார். மனைவியின் காரியத்துக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று எழுதித் தந்தவர், இன்று அவருக்காக வந்து நேரத்தை மாற்றிச் சொல்கிறார், எதை நம்புவது என்றார். அவர் கேட்டதில் தப்பு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

காவலில் அடித்ததற்கு ஆதாரம் இல்லை என்று அறிக்கை வந்தது. அதைக் காட்டி, இப்படிப்பட்ட சாட்சி என்று பையனின் வழக்கிலும் அவள் சொன்னதைக் கேள்வி கேட்டார்கள். அந்த வழக்கு ஏழெட்டு வருஷம் இழுத்தது. இரண்டு பேரைச் சஸ்பெண்ட் செய்து, மறுபடி வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். தீர்ப்பு வருவதற்கு முன்பே பையனின் அம்மா இறந்துவிட்டார்.

விசாரணை அன்று திரும்பும்போது ஆவடி பஸ்ஸுக்காக நின்றோம். அவள்தான் பேசினாள். திட்டவில்லை, அழவில்லை.

"பயமா இருக்கு, என்னால முடியாதுன்னு வக்கீல் தாளைக் குடுத்த அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல. நான் வேற ஆள் பாத்திருப்பேன்."

பஸ் வந்தது. அவள் முன்னால் ஏறிப் பெண்கள் பக்கம் உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் தந்தித் தாளைக் கேட்டாள். சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதே கையோடு அடுத்த வீட்டுத் தையல்கார அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. என் மகளுடைய நோட்டில் எழுத்தெழுத்தாகப் பார்த்தெழுதிப் பழகினார். கோடு போட்ட இடத்தை நிரப்பும்போது தடுமாறக் கூடாது என்று மணி எழுதுவதைத் தனியாகப் பழகினார்.

வேலப்பன்சாவடி பக்கம் ஒரு குடிசைப் பகுதியைக் காலி செய்யும் தகராறில் அவளை மறுபடியும் பிடித்துப்போனார்கள். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எனக்கு அன்று முதல் ஷிப்டு. மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது அவளும் தையல்கார அம்மாவும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். தகவல் வந்த இருபதாவது நிமிஷத்தில் அந்த அம்மா கட்டிங் போட்டிருந்த துணியை அப்படியே விட்டுவிட்டுத் தந்தி ஆபீசுக்குப் போயிருக்கிறார். பிறகு நாலைந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷன் வாசலில் போய் உட்கார்ந்திருக்கிறார். ஒன்றரை மணி நேரத்தில் விட்டுவிட்டார்கள். யாரும் கை வைக்கவில்லை. அந்த அம்மா இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் டம்ளரைப் பார்த்துச் சொன்னார். எனக்கும் ஒரு டம்ளர் டீ ஊற்றிக் கொடுத்தாள் என் மனைவி.

அவள் என்னை விட்டுப் போகவில்லை. சமைத்தாள், காய்ச்சலில் பார்த்துக்கொண்டாள், பக்கத்தில் உட்கார்ந்து ஜெபித்தாள். எங்கே போகிறாள் என்று மட்டும் என்னிடம் சொல்வதை விட்டுவிட்டாள். நான் கேட்கவும் இல்லை. கம்பெனியில் எனக்கு எதுவும் ஆகவில்லை, ரிடையர்மென்ட்வரை இருந்தேன்.

மகள் காலேஜ் சேர்ந்த வருஷம், அம்மா ஏன் எல்லாவற்றையும் பக்கத்து வீட்டு அத்தையிடமே சொல்லிவிட்டுப் போகிறாள் என்று என்னைக் கேட்டாள். கேட்டில் ஆள் வந்ததிலிருந்து பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு வரைக்கும், இங்கே எழுதியிருக்கிறபடியே சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிந்தபிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அன்னைக்கு மத்தியானம் சாப்பிட்டீங்களாப்பா?"

சாப்பிட்டேன் என்றேன். கேன்டீனில், எல்லோரோடும் வரிசையில் நின்று.